குறுவட்டப் போட்டியிலிருந்து மாநில அணி வரை: தடகளப் பிள்ளைகளின் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்பில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி ஓடும் பிள்ளைகளில் பலர், பிளஸ் டூ வரும்போது மைதானத்தின் பக்கமே இருப்பதில்லை. திறமை போதாமல் விட்டவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிப் பதிவில் வேறொரு தேதியும் இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. விடுதித் தேர்வின் கடைசி நாள் தெரியாமல் போனவர்கள், வளரும் வயதில் முழங்கால் வலியோடு ஓடி ஓய்ந்தவர்கள், பத்தாம் வகுப்புக்காக ஒரு வருடம் முழுக்க நிறுத்தப்பட்டவர்கள் என்று மற்றவர்கள். இவை எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தடுத்திருக்கக் கூடியவை.

தமிழ்நாட்டுத் தடகளத்தை வைத்தே இங்கே விளக்கியிருக்கிறோம். விடுதி, உதவித்தொகை, சான்றிதழ் பற்றிய பகுதிகள் பெரும்பாலும் மற்ற விளையாட்டுகளுக்கும் பொருந்தும்.

முதல் படி: காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

ஸ்பைக் ஷூ வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சீக்கிரம் சேர்ப்பதற்காகத் தேதியை மாற்றிக் கொடுத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தேதி பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல். எட்டாம் வகுப்புக்குள் முடித்துவிடுங்கள். பிறந்து நாளாகிப் பதிவுசெய்த சான்றிதழ் என்றால் கேள்விகள் வரும். மருத்துவமனைப் பதிவு, தடுப்பூசி அட்டை போன்ற பழைய ஆதாரங்களை எடுத்து வையுங்கள்.

வயதைக் குறைத்துக் காட்டிப் போட்டியில் இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். தேசிய வயதுப் பிரிவுப் போட்டிகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் டி.டபிள்யூ. 3 என்ற முறை நடைமுறையில் இருக்கிறது. அதில் சிக்கினால் நீக்கம், தடை எல்லாம் பிள்ளையின் பெயரில்தான் விழும். யோசனை சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது.

பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் வேண்டும். பரிசுப் பணமும் உதவித்தொகையும் அதில்தான் வரும்.

இரண்டாம் படி: ஏணி ஒன்றில்லை, இரண்டு

பெரும்பாலான வீடுகளில் பள்ளிப் போட்டி மட்டும்தான் தெரியும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும் குடியரசு தின விழா, பாரதியார் தின விழா விளையாட்டுப் போட்டிகள் அவை. தடகளம் குடியரசு தின விழாப் போட்டியில் வரும். பிரிவுகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர். மாநிலத்தில் தேர்வானால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம், அதாவது எஸ்.ஜி.எஃப்.ஐ. நடத்தும் தேசியப் போட்டி. இதற்கு வழி உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பி.டி. சாரிடமோ டீச்சரிடமோ கல்வியாண்டு தொடங்கியதுமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குறுவட்டப் பெயர்ப்பட்டியல் போன பிறகு சேர்க்க முடியாது.

இரண்டாவது ஏணி, மாவட்டத் தடகளச் சங்கம், தமிழ்நாடு தடகளச் சங்கம், இந்தியத் தடகளக் கூட்டமைப்பு என்று போவது. இங்கே பிரிவுகள் 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர். தேசிய ஜூனியர் போட்டிகளும் இந்திய ஜூனியர் அணித் தேர்வும் இந்த ஏணியில்தான் இருக்கின்றன. கூட்டமைப்பின் இணையதளத்தில் பதிவுசெய்து பெறும் அடையாள எண் இல்லாமல் இதில் ஏற முடியாது. பள்ளி ஏணியில் மட்டும் ஏறிய பிள்ளை பதினேழு வயதில் மாநிலப் பதக்கத்தோடு நின்றுவிடுவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பதிவைப் பற்றி யாரும் சொல்லாததுதான்.

இரண்டு ஏணிகளிலும் வயதுக் கணக்கு ஒன்றல்ல. பள்ளிப் போட்டிக்கு அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் தரும் தேதிதான் கணக்கு. உலகத் தடகள விதிப்படி, 18 வயதுக்குட்பட்டோரும் 20 வயதுக்குட்பட்டோரும் டிசம்பர் 31 அன்று முடிந்திருக்கும் வயதை வைத்துப் பிரிக்கப்படுகிறார்கள். 2010-இல் பிறந்தவர், ஜனவரியில் பிறந்தாலும் டிசம்பரில் பிறந்தாலும், 2029 முடியும்வரை 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடலாம். டிசம்பரில் பிறந்த பிள்ளை தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவர்களோடு மோதுகிறது. பதின்மூன்று வயதில் அந்தப் பதினொரு மாதம் ஒரு தலை உயரம் வித்தியாசம் காட்டும். அந்த வயதில் தோற்றதை வைத்துத் திறமையை எடைபோடாதீர்கள்.

இவை போக முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. பள்ளிப் பிரிவில் 12 முதல் 19 வயது வரை. இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம். மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதல் மூன்று இடங்களுக்கு 1 லட்சம், 75 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய் பரிசு.

மூன்றாம் படி: பதினான்கு வயதுவரை ஒரே போட்டியில் பூட்டாதீர்கள்

கூட்டமைப்பு மாவட்டங்களுக்கிடையே நடத்தும் தேசிய ஜூனியர் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோருக்குத் தனி 100 மீட்டர் கிடையாது. மூன்று போட்டிகள் சேர்ந்த ட்ரையத்லான்தான் முக்கியம். 60 மீட்டர் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் பொது. மூன்றாவதாக உயரம் தாண்டுதல், குண்டைத் தலைக்குப் பின்னால் வீசுதல், 600 மீட்டர் ஓட்டம் ஆகியவற்றில் ஒன்று. பிள்ளை எதற்கு ஏற்றது என்று இந்த வயதில் யாருக்கும் தெரியாது என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வாரத்தில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் மூன்றும் இருக்கட்டும். கபடி, கால்பந்து, நீச்சல் எதுவானாலும் இன்னொரு விளையாட்டும் இருக்கட்டும். ஒரு வாரத்தில் ஒழுங்குபடுத்திய பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது: பன்னிரண்டு வயதென்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். வாரம் ஒரு முழு நாள் ஓய்வு. பதிமூன்று வயதில் தினமும் இருவேளை பயிற்சி கொடுத்து மாவட்டத் தங்கம் வாங்க வைப்பது கடினமே இல்லை. அந்தத் தங்கத்துக்கான விலை பதினேழில் தெரியும்.

நான்காம் படி: விடுதித் தேர்வு

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தங்குமிடம், உணவு, பயிற்சி, சீருடை, உபகரணம் எல்லாம் அரசுச் செலவு. படிப்பு அருகிலுள்ள பள்ளியில். முதன்மைநிலை விளையாட்டு மையங்களுக்கு 6, 7, 8-ஆம் வகுப்புகளிலும் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளிலும் சேர்க்கை நடக்கிறது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறப்புநிலை விடுதிகள் தனி. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் சேர்க்கை இல்லை என்பதைக் கவனியுங்கள்: ஒன்பதில் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு பதினொன்றில்தான்.

அறிவிப்பு பொதுவாகக் கோடை விடுமுறையை ஒட்டி வரும். விண்ணப்பம் இணையதளத்தில், பிறகு மாவட்டத் தேர்வு, அதில் தேறினால் மாநிலத் தேர்வு. மார்ச் மாதத்திலிருந்தே வாரம் ஒருமுறை ஆணையத்தின் இணையதளத்தைப் பார்ப்பதும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்வருவதும் நல்லது. தேர்வு நாளில் வயதுச் சான்று, படிப்புச் சான்று, ஆதார், புகைப்படங்கள், விளையாட்டுச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் மூலமும் இரண்டு செட் நகலும் கையில் இருக்க வேண்டும்.

சேர்ப்பதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் நல்ல பயிற்சியாளர் இருந்து, வீட்டில் சத்தான சாப்பாடும் கிடைத்தால் ஏழாம் வகுப்பிலேயே பிரிக்க வேண்டிய அவசியமில்லை. பயிற்சியாளரே இல்லாத ஊர், வீட்டில் முட்டைக்கும் பாலுக்கும் சிரமம் என்றால் விடுதிதான் சரியான முடிவு. சேர்ப்பதற்கு முன் அங்கிருக்கும் பயிற்சியாளரின் சொந்தத் துறை எது என்று கேளுங்கள். எறிதல் பயிற்சியாளரிடம் ஓட்டக்காரப் பிள்ளையை விட்டுவிட்டு வருந்தக்கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள் என்றும் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பதக்கப் பட்டியலைவிட அந்தப் பதில் அதிகம் சொல்லும்.

இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையங்கள் மயிலாடுதுறை, சேலம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனிகள் 8 முதல் 14 வயதுச் சிறுவர்களை எடுத்து, படிப்போடு பயிற்சியும் கொடுக்கின்றன. விடுதி கிடைக்காவிட்டாலும் மாவட்டங்களில் உள்ள மாநில அரசின் ஸ்டார் அகாடமி, மத்திய அரசின் கேலோ இந்தியா மையங்களில் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

ஐந்தாம் படி: தேர்வு நாளில் எங்கே கோட்டை விடுகிறார்கள்

மண் மைதானத்தில் பழகிய பிள்ளை முதன்முறை சிந்தெடிக் தடத்தில் இறங்குவதுதான் பெரும்பாலும் இந்த நாளில் நடக்கிறது. மண்ணில் போடும் 12 மில்லிமீட்டர் ஸ்பைக் முள் அங்கே ஆகாது. சிந்தெடிக் தடத்தில் 9 மில்லிமீட்டர்தான் எல்லை, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12. ஓட்டத்துக்கு 6 மில்லிமீட்டர் போதும். ஒரு செட் முள்ளும் முள் திருகும் சாவியும் பையில் இருக்கட்டும். புது ஷூவை அன்று முதன்முறை போடவே கூடாது.

அடுத்தது நேரம். பள்ளியில் ஸ்டாப்வாட்சில் 12.0 என்று எடுத்த 100 மீட்டர், மின்னணுக் கருவியில் ஏறக்குறைய 12.24 என்று வரும். கையால் அழுத்துபவர் தொடக்கத் துப்பாக்கியின் புகையைப் பார்த்தோ சத்தத்தைக் கேட்டோ தொடங்கும்போது வரும் தாமதம் அது. 100, 200 மீட்டருக்கு 0.24, 400 மீட்டருக்கு 0.14 நொடி கூட்டிக்கொண்டு ஒப்பிடுவது வழக்கம். இது தெரியாத பிள்ளை, "நான் மெதுவாகிவிட்டேன்" என்று முதல் சுற்றிலேயே மனம் உடைந்துவிடும். காற்று வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்னாலிருந்து தள்ளியிருந்தால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் வராது என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஓட்டத் தொடக்கத்தில் கால் ஊன்றி உதைக்கும் ஸ்டார்ட்டிங் பிளாக்கைத் தொடாமலேயே மாவட்டத்தில் ஜெயித்துவந்த பிள்ளைகள் நிறைய. உயர்மட்டப் போட்டிகளில் 400 மீட்டர் வரை பிளாக் கட்டாயம். தொடக்கத்துக்கு இந்த அளவு போதும்: கோட்டிலிருந்து பிள்ளையின் பாதத்தால் இரண்டு அடி வைத்து முன் பிளாக், மூன்று அடி வைத்துப் பின் பிளாக். பிறகு பயிற்சியாளர் திருத்திக்கொள்வார். துப்பாக்கிக்கு முன் கிளம்பினால் முதல் தடவையே வெளியேற்றம். எச்சரிக்கை கொடுத்து மறுபடி நிற்க வைக்கும் பள்ளிப் பழக்கம் அங்கே இல்லை.

நீளம் தாண்டுபவர்கள் அளவு நாடா இல்லாமல் போகக்கூடாது. மண்ணில் அளந்து வைத்த ஓடுதூரம் சிந்தெடிக்கில் அப்படியே பொருந்தாது. தடம் துள்ளித் தருவதால் ஒவ்வொரு காலடியும் நீளமாகி, கடைசிக் காலடி தாவும் பலகையைத் தாண்டி விழும். முதல் தாவல் ஃபவுல். அடுத்ததில் பயந்து சுருக்குவார்கள், தூரம் குறையும். முன்கூட்டிப் போய் முழு வேகத்தில் மூன்று ஓட்டம் ஓடிப் பார்த்து, தேவைக்கேற்ப அரை அடி, ஓரடி என்று தொடக்கக் குறியைப் பின்னுக்கு நகர்த்துங்கள். முதல் மூன்று தாவலில் ஒன்றாவது பலகையில் பாதுகாப்பாக விழுந்தால்தான் முதல் எட்டுப் பேரில் வந்து அடுத்த மூன்று கிடைக்கும்.

போட்டிக்கு முன் வீரர்களை அழைத்துச் சரிபார்க்கும் 'கால் ரூம்' அறைக்கு அறிவித்த நேரத்தில் போகாதவர் பெயர் அடிக்கப்படும். வெயிலில் உட்கார வைக்காதீர்கள். போட்டிக்கு மூன்று மணி நேரம் முன் இட்லி, வாழைப்பழம் போன்ற எளிய சாப்பாடு. புதிதாக எதையும் அன்று சோதிக்க வேண்டாம்.

ஆறாம் படி: வளரும் இரண்டு வருடங்கள்

பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பன்னிரண்டிலும் ஆண் பிள்ளைகளுக்கு பதினான்கிலும் உயரம் வேகமாகக் கூடும். எலும்பு முந்தி வளர, தசையும் தசைநாரும் பின்தங்கும். முழங்காலுக்குக் கீழே முன்புறம் மேடு தட்டி வலிப்பது, குதிகாலின் பின்பக்கம் வலிப்பது இரண்டும் இந்தக் காலத்தில் சாதாரணம். எலும்பின் வளர்ச்சிப் பகுதியைத் தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. அதன்மேல் மாத்திரை போட்டு ஓட வைப்பதுதான் தவறு.

வீட்டுச் சுவரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வாருங்கள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஏறினால், அந்தக் காலத்தில் தாண்டல் எண்ணிக்கையையும் சரிவு ஓட்டங்களையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். உடலின் அளவே மாறுவதால் ஓட்டத்தின் அழகு கெடும், நேரமும் தேங்கும். ஆறு மாதம் ஒரு வருடம் அப்படி இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் "ஒழுங்காப் பயிற்சி பண்ணலை" என்று திட்டி விரட்டப்படும் பிள்ளைகள்தான் அதிகம் கழன்றுகொள்கிறார்கள்.

பிரிவு மாறும்போது கருவியும் மாறுகிறது. ஆண்களுக்கான குண்டு 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 கிலோ, 20-க்குட்பட்டோருக்கு 6, அதற்கு மேல் 7.26. ஈட்டி 700 கிராமிலிருந்து 800-க்குப் போகிறது. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 91.4, 99.1, 106.7 சென்டிமீட்டர் என்று ஏறுகிறது. பெண்களுக்குக் குண்டு 3 கிலோவிலிருந்து 4, ஈட்டி 500 கிராமிலிருந்து 600. பிரிவு மாறிய முதல் வருடத்தில் தூரம் குறைந்தால் அது சரிவு இல்லை. பழைய எடையில் எறிந்ததோடு ஒப்பிடாதீர்கள். மாறுவதற்கு ஆறு மாதம் முன்பே புதிய எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

சாப்பாட்டில் கணக்கு எளிது. ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 1.2 முதல் 1.6 கிராம் புரதம். 50 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7, நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலையில் 9 கிராம் அளவு. மூன்று வேளையும் பிரித்துக் கொடுத்தால் டப்பா பவுடர் தேவைப்படாது. பெண் பிள்ளைகளுக்கு வருடம் இருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால், சாப்பாடு பயிற்சிக்கு ஈடாகவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

ஏழாம் படி: மருந்துச் சீட்டைப் படியுங்கள்

ஊக்கமருந்துச் சோதனை பதினாறு வயதுப் பிள்ளைக்கும் நடக்கும். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தப்பிக்க வழியாகாது. ஊர்ப்பக்கம் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, கடையில் வாங்கும் இருமல் சிரப். அதில் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. எல்லா நாளும் தடை. இன்னொன்று, காய்ச்சலுக்கோ அலர்ஜிக்கோ போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி. போட்டிக் காலத்தில் ஊசியாகவும் மாத்திரையாகவும் தடை. மருத்துவரிடம் உட்கார்ந்ததும், "இவ ஸ்போர்ட்ஸ் பிள்ளை டாக்டர், டோப் டெஸ்ட் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா போன்ற நிலையான நோய் இருந்தால் தடைசெய்த மருந்தை நோய்க்காக எடுக்க அனுமதிக்கும் மருத்துவப் பயன்பாட்டு விலக்குக்கு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஜிம்மில் யாராவது தரும் பெயரில்லாத பவுடர், மாத்திரை எதையும் வாங்கவே கூடாது.

எட்டாம் படி: பணம் வரும் வழிகள்

மாநில அரசின் திட்டங்கள் படிப்படியானவை. வளரும் இளையோருக்கான வெற்றியாளர்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் வரை, சர்வதேசப் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான மிம்ஸ் திட்டத்தில் 12 லட்சம் வரை, எலைட் திட்டத்தில் 30 லட்சம் வரை உதவி உண்டு. போட்டிப் பயணம், உபகரணம் போன்ற செலவுகளுக்கு 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் கேலோ இந்தியாவில் தேர்வாகும் வீரர்களுக்குப் பயிற்சிச் செலவோடு கைச்செலவாக மாதம் 10 ஆயிரம் ரூபாய். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் நம் மாநிலம் 38 தங்கம் உட்பட 98 பதக்கங்களோடு இரண்டாம் இடம் பிடித்தது. அந்த அணிக்குள் நுழையவே போட்டி கடுமை.

இளையோர் பிரிவிலேயே உலக மேடை ஏறியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்துப் பிரவீன் சித்ரவேல் 2018 இளையோர் ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டலில் வெண்கலம் வென்று, 2023-இல் 17.37 மீட்டர் என்ற தேசியச் சாதனைக்கு வந்தார். மதுரையின் செல்வ பிரபு 2022-இல் உலக 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். பிரவீனின் வெண்கலத்துக்கும் தேசியச் சாதனைக்கும் இடையே ஐந்து வருடம் இருப்பதைப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: பத்தாவது, பிளஸ் டூ, அதற்குப் பிறகு

தேர்வு வருடத்தில் முழுசாக நிறுத்தாதீர்கள். வாரம் மூன்று நாள், ஒன்றேகால் மணி நேரம் இருந்தால் வேகத்தையும் பலத்தையும் காப்பாற்றிவிடலாம். எட்டு மாதம் நிறுத்திய பிள்ளை ஏப்ரலில் பழைய வேகத்தில் ஓடப் போய்த் தொடைத் தசை கிழிந்து வருவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. அரையாண்டுத் தேர்வும் தேசியப் பள்ளிப் போட்டியும் மோதினால், எந்தப் பாடத்தை எப்போது முடிப்பது என்று தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசி எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

உயர்கல்வியில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கலை அறிவியல் கல்லூரிகள் பல தாங்களாகவே தேர்வு வைத்து, கட்டணச் சலுகையோடு எடுக்கின்றன. மே மாதமே விசாரியுங்கள். கல்லூரியில் சேர்ந்தபின் பல்கலைக்கழக அணி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி என்று அடுத்த பாதை திறக்கும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, ராணுவம், காவல்துறை, வருமான வரித் துறையும் தனியாக எடுக்கின்றன.

இவை எல்லாவற்றிலும் மெரிட் சான்றிதழ் மட்டும் போதாது. குறிப்பிட்ட படிவத்தில் உரிய அதிகாரியின் கையெழுத்து வேண்டும். சர்வதேசப் போட்டி, கூட்டமைப்பின் தேசியப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, பள்ளி தேசியப் போட்டி ஒவ்வொன்றுக்கும் படிவம் வேறு, கையெழுத்திடுபவரும் வேறு. போட்டி முடிந்த மாதத்திலேயே அதை வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் அந்தச் செயலாளர் மாறியிருப்பார், பதிவேடு கைக்குக் கிடைக்காது, கலந்தாய்வுக்கு நான்கு நாள்தான் இருக்கும். போட்டியின் பெயர், நடந்த தேதி, இடம், பிரிவு, எட்டிய அளவு, பங்கேற்ற அணிகளின் எண்ணிக்கை இத்தனையும் படிவத்தில் கேட்பார்கள் என்பதால், ஒவ்வொரு போட்டியின் முடிவுப் பட்டியலையும் அன்றைக்கே ஒரு நகல் எடுத்து, சான்றிதழோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.